கொல்லைக்கு வந்த நீலக்குருவி: சோலைக்கிளி டெல்டாவுக்கு இறங்கி வருமா?

பாமணியாறு:
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு வடக்கே எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் வாழைக்கொல்லை, அதை ஒட்டி ஒரு மூங்கில் குத்து, அதற்கப்பால் வாய்க்கால். ஐப்பசி பிறந்து ராத்திரி முழுக்க மழை கொட்டி, காலையில் கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில் வாழைச் சருகுக்கு நடுவே ஒரு சின்னக் குருவி தத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முதுகு கருநீலம், மார்பு செங்கல் நிறம், வயிற்றின் நடுவில் வெள்ளை. கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வால் குட்டை, அதை விடாமல் படபடவென்று ஆட்டியது. சருகைப் புரட்டி எறும்போ புழுவோ எதையோ கொத்தித் தின்றது. போனில் எடுத்த படம் மங்கலாக இருக்கிறது, நிறம் மட்டும் தெரிகிறது.

கோவையில் இருக்கும் நண்பனிடம் காட்டினேன். அவன் உடனே "இது நீலகிரிச் சோலைக்கிளிடா, ஊட்டியில் பார்த்திருக்கிறேன்" என்றான். பெயரில் கிளி இருந்தாலும் அது ஒரு சின்ன மலைக் குருவியாம். இணையத்தில் தேடினால் அந்தப் படங்களும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கின்றன. மலைக் குருவி இவ்வளவு தூரம் நம்ம சமவெளிக்கு வருமா? மழையில் அடித்துக்கொண்டு வந்திருக்குமா? அரிசி, கம்பு ஏதாவது போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோடியக்காடு:
தம்பி, அரிசி கம்பு வேண்டாம், அது தானியம் தின்கிற குருவி இல்லை. பூச்சி, புழு, எறும்பு, சிலந்திதான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் சொல்கிற வாழைச் சருகில் அது ஏராளமாக இருக்கும், அதனால்தான் அங்கே இறங்கியிருக்கிறது. சருகைக் கூட்டி எரிக்காமல் இருந்தால் போதும்.

வேதாரண்யம் பக்கம் எங்கள் காட்டில் இந்த மாதத்தில் இந்த மாதிரிப் புதுக் குருவிகள் திடீரென்று தென்படும், நாலைந்து நாளில் காணாமல் போய்விடும். புருவக்கோடு வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது என்றால் சோலைக்கிளி இல்லை என்றுதான் நினைக்கிறேன். வெண்ணாறு வாத்தியார் வரட்டும், அவர் நீலகிரியில் வேலை பார்த்தவர்.

துலாக்கட்டம்:
எங்கள் மாயவரத்து வீட்டில் ஐப்பசிக்கு ஐப்பசி ஆறுமணிக்குருவி வந்துவிடும். பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒன்று. ஒரு வருஷம் சமையலறைக்குள்ளேயே வந்து அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது, பறக்கவே தெம்பில்லை. மாமியார் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூடி, சாயங்காலம் கொல்லையில் கொண்டுபோய் விட்டார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டது. தம்பி சொல்வதும் அந்த மாதிரி வழிப்போக்கர் கூட்டமாகத்தான் இருக்கும்.

வெண்ணாறு வாத்தியார்:
படத்தைப் பார்த்தேன். மங்கலாக இருந்தாலும் சந்தேகமே இல்லை, இது இந்தியன் ப்ளூ ராபின், ஆண் குருவி. சோலைக்கிளி இல்லை.

உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, இரண்டும் ஒரு பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டும் ஒரு சாண் நீளம்கூட இல்லை, மேலே நீலம், விலாவில் செம்மண் நிறம், வயிற்றின் நடுவில் வெள்ளை, இரண்டும் தரையில் சருகுக்குள் தத்தி இரை தேடும். கோத்தகிரிப் பக்கம் பள்ளியில் இருந்த காலத்தில், மார்கழி மாதத்தில் ஒரே ஓடைக் கரையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் எங்கே என்றால், ப்ளூ ராபினுக்குக் கண்ணுக்கு மேலே நீங்கள் சொன்ன அந்த வெள்ளைப் புருவம் நீளமாகத் தெரியும், கன்னம் கறுப்பாக இருக்கும், மார்பு தொண்டை முழுக்கச் செங்கல் நிறம். நீலகிரிச் சோலைக்கிளிக்கு மார்பும் நீலம்தான், செம்மண் நிறம் விலாப்பக்கம் மட்டும். இன்னொன்று, சோலைக்கிளியில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம். ப்ளூ ராபினில் பெண் குருவி மேலே பழுப்பு, நீலமே கிடையாது. உங்கள் கொல்லையில் அடுத்த வாரம் ஒரு சாதாரணப் பழுப்புக் குருவி அதே மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு தத்தினால் தவிட்டுக்குருவிக் குஞ்சு என்று விட்டுவிடாதீர்கள், உற்றுப் பாருங்கள்.

மழையில் அடித்துக்கொண்டும் வரவில்லை. அது வழக்கமாக வருகிற பாதைதான். இந்தக் குருவி கோடையில் இமயமலைக் காடுகளில், காஷ்மீரிலிருந்து அருணாசலம் வரை, 1,600 மீட்டருக்கு மேலே இருக்கும் மலைச்சரிவுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. தரையில் வேருக்கு அடியில் பாசியும் சருகும் வைத்துக் கூடு, வெளிர்நீல முட்டைகள். புரட்டாசி ஐப்பசியில் தெற்கே கிளம்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் போய்ச் சேரும், பங்குனி சித்திரையில் திரும்பும். குமாவுன் மலையிலிருந்து மன்னார்குடிக்கு நேர்கோடு போட்டாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். எடை என்று பார்த்தால் இரண்டு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்த மாதிரி, அவ்வளவுதான். அந்த உடம்பு கங்கைச் சமவெளியையும் தக்காணத்தையும் தாண்டி உங்கள் வாழைக்கொல்லை வரை வந்து நிற்கிறது. எத்தனை வருஷமாகப் பார்த்தாலும் எனக்கு இது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

பாமணியாறு:
சார், படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இமயமலையா!

அப்புறம் ஒரு சந்தேகம். இமயத்துக் குருவி இங்கே வரை வருகிறது. நீலகிரி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே இருக்கிற சோலைக்கிளி ஏன் ஒரு நாளும் இறங்கி வருவதில்லை? குளிருக்குக் கீழே வரலாம் இல்லையா?

வெண்ணாறு வாத்தியார்:
நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சோலை என்றால் நமக்கு எல்லா மரக்கூட்டமும் சோலைதான். நீலகிரியிலும் ஆனைமலையிலும் பழனிமலையிலும் அதற்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் உண்டு. மலை உச்சிகள் புல்வெளியாக இருக்கும், அந்தப் புல்வெளிகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் பள்ளங்களில், ஓடை கிளம்புகிற இடங்களில் மட்டும் குட்டையான, அடர்ந்த, எப்போதும் ஈரமான காடு. மரத்தண்டெல்லாம் பாசி. பகலிலேயே உள்ளே மங்கலாக இருக்கும். காற்று புல்வெளியில் ஊளையிடும், சோலைக்குள் கால் வைத்தால் சட்டென்று அமைதி. சோலைக்கிளி அந்தத் தரையில் பிறந்து, அங்கேயே தனக்கென்று ஒரு எல்லை பிடித்து, மரப்பொந்திலோ ஓடைக்கரைப் பொந்திலோ கூடு வைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, அங்கேயே இருந்துவிடுகிற பறவை. குளிர்காலத்திலும் ஈரச் சருகில் அதற்குப் பூச்சி கிடைக்கிறது, அதனால் கிளம்ப வேண்டிய தேவையே இல்லை. இமயத்தில் 2,500 மீட்டரில் மார்கழியில் பனி மூடிவிடும், தரையில் பூச்சி கிடைக்காது, ப்ளூ ராபினுக்குக் கிளம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. பறப்பதும் இருப்பதும் வயிற்றுப்பாட்டை ஒட்டித்தான் முடிவாகிறது.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து ரயிலில் கேரளா போகும்போது கடக்கிறோமே, அதுதான். அகலம் 30 கிலோமீட்டர் சொச்சம். கணவாய்க்கு வடக்கே நீலகிரி, வயநாடு, குடகு, பாபாபுடன் மலை வரை இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. தெற்கே ஆனைமலை, பழனிமலை, மேகமலைப் பக்கம் இருப்பது வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி, அது விலாவிலும் செம்மண் நிறம் இல்லாத அடர்நீலப் பறவை. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால், அங்கே கணவாய் இன்னும் குறுகல், அகத்தியமலையில் வேறொரு சோலைக்கிளி, அதைத் தனி இனம் என்று 2017இல்தான் அறிவித்தார்கள். மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது பல லட்சம் ஆண்டுகளாக இந்தக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிந்தே இருந்தது தெரிந்தது. இறக்கை இருந்தும் 30 கிலோமீட்டர் வெப்பச் சமவெளியைக் கடக்கவில்லை. கடலில் தீவு இருப்பது போல வானத்தில் தீவு என்று ஆராய்ச்சியாளர்கள் இந்த மலையுச்சிகளைச் சொல்வது இதனால்தான். வி.வி. ராபின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பல வருஷம் இதில் உழைத்திருக்கிறார்கள். மலைக்கு மலை இந்தப் பறவைகளின் பாட்டும் மாறுகிறது என்பதும் அவர்கள் பதிவு செய்ததுதான்.

இன்னொரு செய்தி. உங்கள் கொல்லைக்கு வந்ததும் சோலைக்கிளியும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் நெருங்கிய உறவு இல்லை. 1840களில் ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நீலகிரிப் பறவையை முதலில் விவரித்ததிலிருந்து இதை எந்தக் குடும்பப் பட்டியலில் எங்கே வைப்பது என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த 2017 ஆய்வில்தான் நீல ஈப்பிடிப்பான்களுக்குப் பக்கத்தில் வரும் தனிப் பேரினம் என்று ஷோலிகோலா என்ற பெயர் வைத்தார்கள். ப்ளூ ராபின் வேறு கிளை. இருட்டுக் காட்டின் தரையில் தத்திப் பிழைக்கிற வாழ்க்கை இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

குறுவை சம்பா:
வாத்தியார் ஐயா எழுதியதை முழுக்கப் படித்தேன். திருவாரூர் பக்கம் விவசாயம் எனக்கு. ஒன்று மனதில் பட்டது, எழுதுகிறேன். நமக்கு மலை என்றால் தண்ணீர். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா இல்லையா, அதோடு மலை முடிந்துவிட்டது. அந்தத் தண்ணீர் கிளம்புகிற ஓடையின் கரையில்தான் இந்தக் குருவி கூடு வைக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சோலை அழிந்தால் குருவியும் போகும், நம்ம வயலும் காயும், அப்படித்தானே?

கல்லணைக் கால்வாய்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரத்தநாட்டிலிருந்து எழுதுகிறேன், பாசனத் துறை சார்ந்த வேலைதான் எனக்கும். உணர்ச்சி சரி, ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். டெல்டாவுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு மேட்டூர் வழியாக வருகிறது. அது குடகிலும், கபினி வழியாக வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. நீலகிரித் தண்ணீர் பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி, மேட்டூருக்குக் கீழே பவானி கூடுதுறையில்தான் காவிரியில் சேர்கிறது, அதிலும் கணிசமான பங்கு பவானிசாகரிலேயே கீழ்பவானிப் பாசனத்துக்குப் போய்விடும். பழனிமலை ஆனைமலைத் தண்ணீர் அமராவதியாகக் கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் சேர்கிறது, அதுவும் வெள்ளக் காலத்தில்தான் நமக்குப் பெரிதாகத் தெரியும்.

அதோடு காடு மழையை உண்டாக்கி அனுப்புகிறது என்று மேடையில் பேசுவது போல எழுதினால் நாளைக்கு யாராவது எதிர்க்கேள்வி கேட்கும்போது நம் பக்கம் பலவீனமாகிவிடும். நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, அதைப் பெய்ய வைத்தது பருவக்காற்றும் மலையின் உயரமும். காடு செய்வது அதன் பிறகு. பெய்த தண்ணீரை ஒரேயடியாக ஓடவிடாமல் மண்ணுக்குள் வாங்கி, மழை நின்ற பிறகும் ஓடையில் கசிய விடுவது, மண்ணை அரிக்க விடாமல் பிடிப்பது. அந்த வேலையில் சோலைக்குப் பங்கு இருப்பது போலவே புல்வெளிக்கும் உண்டு. அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

வெண்ணாறு வாத்தியார்:
பொறியாளர் சொல்வது அத்தனையும் சரி, நான் சேர்ப்பது இரண்டு.

புல்வெளியை மறந்ததற்கு நீலகிரி பெரிய விலை கொடுத்திருக்கிறது. வெறும் புல்தானே என்று அதைத் தரிசுக் கணக்கில் வைத்து, வெள்ளைக்காரன் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் தைல மரமும் வாட்டில் என்கிற சீகை மரமும் பைனும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். தேயிலை தனி. ஊட்டியில் இருக்கும் மத்திய மண்-நீர் ஆராய்ச்சி மையம் கிளன்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஓடைகளை எடுத்து, ஒன்றின் புல்வெளியில் தைல மரம் நட்டு, மற்றதை அப்படியே விட்டு, பல வருஷம் அளந்து பார்த்தது. முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே தைல மரம் நட்ட ஓடையின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. காடு என்று பெயர் வைத்து எதை வேண்டுமானாலும் நட்டால் தண்ணீர் வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை தேவையில்லை. சோலைக்கிளிக்கும் அப்படித்தான். சீகைத் தோட்டம் மேலே இருந்து பார்த்தால் பச்சையாக இருக்கும், உள்ளே அந்த ஈரத் தரையும் ஓடைக்கரைப் பொந்தும் இல்லை என்றால் அதற்கு அங்கே வேலை இல்லை.

இரண்டாவது, பெரும்பங்குத் தண்ணீர் குடகிலிருந்து என்றீர்கள். நீலகிரிச் சோலைக்கிளி குடகு பிரம்மகிரி மலைகளிலும் இருக்கிறது. தலைக்காவிரி அந்தப் பிரம்மகிரியில்தான். ஐப்பசி முதல் நாள் துலா சங்கிரமணத்துக்கு அங்கே ஊற்றில் தண்ணீர் பொங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது, அன்றிலிருந்து இங்கே மாயவரத்தில் துலா முழுக்கு. ஆற்றின் இரண்டு முனையையும் ஐப்பசி இப்படிக் கட்டி வைத்திருக்கிறது. சோலைக்கிளியின் நாட்டையும் நம் நாட்டையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

துலாக்கட்டம்:
வாத்தியார் ஐயா, ஐப்பசி முழுக்க விடிகாலையில் துலாக்கட்டத்துக்குப் போகிறவள் நான். படித்துறையில் நிற்கும்போது நினைத்துக்கொள்ள இப்போது இன்னொன்றும் கிடைத்தது. நன்றி.

கல்லணைக் கால்வாய்:
ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு தகவலும் சேர்க்கிறேன், இந்த இழைக்குப் பொருந்தும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரண்டு இடங்களுக்குச் சேர்ந்தே ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஒன்று அரியலூர் மாவட்டம் கரைவெட்டி, நம்ம காவிரித் தண்ணீர் கால்வாய் வழியாகப் போய் நிரம்புகிற ஏரி. மற்றது கோத்தகிரி லாங்வுட் சோலை, ஏறக்குறைய 116 ஹெக்டேர்தான், ஊரை ஒட்டியே இருக்கிறது, சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் அதிலிருந்து. அங்கே இருக்கும் அழிவின் விளிம்புப் பறவைகளில் நீலகிரிச் சோலைக்கிளியும் சேர்த்தி. ஏரியும் சோலையும் ஒரே பட்டியலில் வந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பாமணியாறு:
அப்போ இங்கே வரும் குருவிக்கு நாம் என்ன செய்வது? மலையில் இருப்பதை மலைக்காரர்களும் வனத்துறையும் பார்த்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொண்டாலும், கொல்லையில் வந்து இறங்குவது நம்ம பொறுப்பு இல்லையா?

கோடியக்காடு:
இதைத்தான் நானும் எழுத வேண்டும் என்றிருந்தேன்.

இந்தச் சின்னக் குருவிகள் பெரும்பாலும் இரவில்தான் பயணம் போகும். பகலில் வெயில், பருந்து, வல்லூறு. இரவில் காற்றும் குளிர்ச்சி, எதிரியும் குறைவு. கிளம்புவதற்கு முன்னால் விழுந்து விழுந்து தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும், அதுதான் வழிச்செலவு. நட்சத்திரமும் பூமியின் காந்தமும் திசை காட்டும். விடியும்போது கீழே எங்கே நிழலும் சருகும் தெரிகிறதோ அங்கே இறங்கி, பூச்சி தின்று, திரும்ப ஏற்றிக்கொண்டு, தோதான இரவில் கிளம்பும். மழை பிடித்துக்கொண்டால் நட்சத்திரம் தெரியாது, தாழ்வாகப் பறக்கும், அப்போதுதான் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடியிலும் கோபுரத்திலும் மோதும். ஊருக்கு ஊர் உயர்கோபுர விளக்கு வந்துவிட்டது, கல்யாண மண்டபங்களில் வானத்தைப் பார்த்து அடிக்கும் விளக்கு வேறு. ஐப்பசி கார்த்திகையில் மட்டுமாவது தேவையில்லாத வெளிச்சத்தை நடுராத்திரிக்கு மேல் அணைத்தால் எத்தனையோ உயிர் தப்பும். மோதி மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால் துலாக்கட்டம் அக்காவின் மாமியார் செய்தார்களே, அதுவேதான் சரியான முறை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்ததும் புதர் ஓரமாக விட்டுவிட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைப்பது 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடுத்த வைகாசியில் இமயத்தில் கூடு கட்ட வேண்டிய உயிர் அது.

எங்கள் கோடியக்கரைக் காடு 1967இலேயே சரணாலயம் ஆனது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டிப் பதிவு செய்கிறார்கள், சலீம் அலி காலத்திலேயே தொடங்கியது. எல்லோரும் உப்பளத்துப் பூநாரையையும் உள்ளானையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். காட்டுக்குள் ஐப்பசியில் வந்து இறங்கும் இந்தப் புதர்க் குருவிகளை யாரும் கவனிப்பதில்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை எங்கள் மேல்தான் கரையேறியது. பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. பட்டுக்கோட்டை பேராவூரணி வரை தென்னை போனதைப் பேப்பரில் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான், அது பிழைப்பு. காட்டில் நிழல் போனதை எழுத ஆள் இல்லை.

துலாக்கட்டம்:
ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. புதரை விடு, சருகை விடு என்கிறீர்கள். எங்கள் கொல்லையில் போன வருஷம் கட்டுவிரியன் வந்தது. இரண்டு பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். சுத்தமாக வைத்துக்கொள் என்று சொல்லாத ஆளில்லை. குருவிக்காகப் புதர் வளர்த்து, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

கோடியக்காடு:
கோபம் எதற்கு அக்கா, நியாயமான பயம். வீட்டை ஒட்டி, பிள்ளைகள் நடமாடும் இடத்தில் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும், செங்கல் குவியல், விறகுக் கட்டு இதையும் சேர்த்து அகற்றிவிடுங்கள், எலி அடைவது அங்கேதான், எலியைத் தேடித்தான் பாம்பு. நான் சொல்வது கொல்லைக் கோடி. வேலி ஓரம் நாலு பூவரசு, நொச்சி, ஒரு மூங்கில், அதற்கடியில் சருகு. இடம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம். ஊருக்குப் பொதுவாகக் கோயில் நந்தவனம், குளக்கரை, ஆற்றுப் படுகை இருக்கிறதே, அதை மொட்டையடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

துலாக்கட்டம்:
கொல்லைக் கோடி என்றால் யோசிக்கலாம். பிள்ளைகள் பெரியவர்கள் ஆகட்டும் முதலில். அதுவரை நந்தவனம் பக்கம் பேசிப் பார்க்கிறேன், குருக்கள் தெரிந்தவர்தான்.

குறுவை சம்பா:
படுகையைப் பற்றிச் சொன்னது வயிற்றில் அடித்தது போல இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆற்றுப் படுகையில் மூங்கிலும் நாவலும் இலுப்பையும் இருந்து, மத்தியானத்தில்கூடத் தனியாகப் போகப் பயமாக இருக்கும். இப்போது சாலை போட ஒரு பக்கம் வெட்டினார்கள், மணலுக்கு ஒரு பக்கம் பறித்தார்கள், மிச்சத்தில் காட்டாமணக்கும் சீமைக் கருவேலமும் ஏறிவிட்டது. அதில் குருவி இறங்குமா?

அப்புறம் பூச்சி. யாரும் இன்னும் சொல்லவில்லை, விவசாயி நானே சொல்கிறேன். நாற்றங்காலில் குருணை மருந்து போடுகிறோம், நடவுக்குப் பிறகு தெளிப்பு, கதிர் வரும்போது ஒரு தெளிப்பு. சம்பா நடவு முடிந்து மருந்து அடிக்கிற நேரமும் இந்தக் குருவி வந்து இறங்குகிற நேரமும் ஒன்றுதான். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பூச்சியே இல்லாமல் போனால், இமயத்திலிருந்து பட்டினியாக வந்து இறங்கும் குருவிக்கு என்ன இருக்கும்? மருந்து பட்ட பூச்சியைத் தின்றாலும் கேடுதானே. மருந்தே இல்லாமல் பண்ண எல்லோராலும் ஆகாது, எனக்கும் முழுசாக ஆகவில்லை, ஆனைக்கொம்பன், புகையான் மாதிரி நெல்லைக் கெடுக்கும் பூச்சி வந்தால் அடிக்காமல் இருக்கவும் முடியாது, கடன் இருக்கிறது. வரப்பு ஓரமும் வாய்க்கால் கரையும் விட்டுவிட்டு, தேவைப்பட்ட வயலுக்குள் மட்டும் அடிப்பது முடியும். அதை என் நிலத்தில் செய்கிறேன், பக்கத்து வயல்காரர்களிடமும் பேசுவேன். இது பேச்சுக்குச் சொல்லவில்லை.

வெண்ணாறு வாத்தியார்:
குறுவை சம்பா அவர்களே, இந்த இழையில் எல்லோரும் எழுதியதில் உங்கள் பதிவுதான் எடை கூடியது. காட்டாமணக்கில் குருவி இறங்காது என்று சொல்ல முடியாது, களைத்து வரும்போது எந்த நிழலானாலும் இறங்கும், ஆனால் அடியில் நல்ல சருகு மண் இருந்தால்தான் இரை கிடைத்துத் தங்கும். நாவலும் பூவரசும் மூங்கிலும் உதிர்ப்பது அந்த மாதிரிச் சருகு.

பாமணியாறு:
எங்கள் வாழைக்கொல்லைக்கு இந்த வருஷம் குருணை போடவில்லை, இனியும் போடுவதாக இல்லை, அப்பாவிடம் பேசிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. சோலைக்கிளியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. டிசம்பர் விடுமுறையில் லாங்வுட் சோலைக்குப் போகலாமா? எப்படிப் போவது? யூடியூபில் அதன் பாட்டைப் போட்டால் பக்கத்தில் வந்து நிற்கும் என்று நண்பன் சொல்கிறான், போடலாமா?

வெண்ணாறு வாத்தியார்:
போங்கள். மன்னார்குடியிலேயே செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் கோவை. அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம், அப்புறம் கோத்தகிரி. சோலைக்குள் போக வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளூர்க்காரர் ஒருவர் துணை இருந்தால் நல்லது. விடிந்ததும் போய் ஓடைக்குப் பக்கத்தில் அசையாமல் உட்காருங்கள். நடந்துகொண்டே தேடினால் கண்ணில் படாது. கம்பளிச் சட்டை கறுப்போ பச்சையோ போதும், சிவப்பு வேண்டாம்.

பாட்டு மட்டும் போட வேண்டாம். இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும், இல்லாத எதிரியைத் தேடி அலையும். லாங்வுட் மாதிரிச் சின்னச் சோலையில் வாரக் கடைசிதோறும் பத்துப் பேர் இதைச் செய்தால் அந்தப் பறவைக்கு நிம்மதியே கிடையாது. உலகத்திலேயே இந்தச் சில மலைகளில் மட்டும் இருப்பது, அழிவை நோக்கிப் போகும் பறவைப் பட்டியலிலும் வந்துவிட்டது.

டிசம்பரில் போவதில் ஒரு லாபம், ப்ளூ ராபினும் அப்போது அதே சோலையில் இருக்கும். டக் டக் என்று நாக்கைத் தட்டுவது போல ஒரு சத்தம் சருகுப் பக்கம் கேட்டால் அங்கே பாருங்கள். வெள்ளைப் புருவம் தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் படம் எடுங்கள்.